படி இல்லாத பக்கமா, பாறை வழியா கரடு ஏறணும். ரூட் எப்படி கண்டுபிடிக்கிறது?

தக்காளிமண்டி:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊரு பாலக்கோட்டுக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவுல. மொட்டைமாடியில நின்னா நேரா ஒரு கரடு தெரியும், பேரு போட மாட்டேன், போட்டா வர்ற ஞாயித்துக்கிழமையே ரீல்ஸ் எடுக்க நாலு வண்டி வந்து நிக்கும். பின்பக்கம் உச்சியில சின்னதா ஒரு பெருமாள் கோயில், அதுக்கு ஒத்தையடிப் பாதை இருக்கு, புரட்டாசி சனிக்கிழமைன்னா கெழவிங்க கூட ஏறிடுவாங்க, அந்த வழியா சின்ன வயசுல இருந்தே போய்ட்டு வந்துட்டு தான் இருக்கேன்.

எனக்கு ஆச முன்பக்கம் மேல. ரோட்டைப் பாத்த பக்கம், அதாவது மேக்க பாத்தது. முழுசா மொட்டைப் பாறை, நடுவுல ஒரு ஓடை கோடு கிழிச்ச கணக்கா இறங்குது, ரெண்டு மூணு வெடிப்பு, அங்கங்க புதரு. கயிறுல தொங்குற க்ளைம்பிங் எல்லாம் எனக்கு தெரியாது, அதுல ஆசையும் இல்ல. கையி காலு ரெண்டையும் வச்சு புடிச்சு புடிச்சு ஏறுற ஸ்க்ராம்ப்ளிங் அளவுக்கு தான் பாக்குறேன். வெளிநாட்டுல இதுக்கெல்லாம் புக்கு போட்டு வச்சிருக்கான், எந்தக் கல்லுகிட்ட லெஃப்ட் திரும்பணும்னு வரைக்கும் எழுதியிருக்கான், நம்ம ஊரு கரட்டுக்கு யாரு எழுதி வச்சிருக்கா.

தினமும் சாயங்காலம் வேலை முடிச்சு வந்து மாடியில நின்னு பாக்குறேன், ஒரு நாளு வழி இருக்குன்னு தோணுது, மறுநாளு அதே எடம் செவுரு கட்டுன கணக்கா தெரியுது. அடிவாரத்துக்கு போயி அண்ணாந்து பாத்தா இன்னும் கொழப்பம். கண்ணால பாத்து இது போகும் இது போகாதுன்னு எப்படிங்க முடிவு பண்றது? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கூட வர்றதுக்கு ஒரு ஃப்ரெண்டு இருக்கான், அவங்க வீட்டுல போர்வெல் மோட்டார் தூக்குற கயிறு இருக்கு, நல்லா கட்டை வெரலு தடிமன், அதை எடுத்துக்கலாம்னு இருக்கோம்.

ஒத்தையடி_ராஜா:

ப்ரோ சிம்பிள். கூகுள் எர்த்துல போயி த்ரீடில சாச்சு பாருங்க, எந்தப் பக்கம் சரிவு கம்மின்னு தெரிஞ்சிடும், அதுல கோடு போட்டு ஜிபிஎக்ஸ் ஃபைலா (ஜிபிஎஸ் வழித்தட ஃபைல்) மொபைல்ல ஏத்திக்கிட்டு நடந்துட வேண்டியது தான். நான் வத்தல்மலை சுத்தி எல்லாம் அப்படித்தான் போயிருக்கேன்.

கோட்டைமேடு:

ராஜா தம்பி, நடக்குற பாதைக்கு நீங்க சொல்றது சரி, பாறைக்கு அத நம்பி போனா ஆபத்து. கூகுள் எர்த்துல இந்த மாதிரி கிராமத்துக் கரடுங்களுக்கு இருக்குற ஒயர டேட்டா அநேகமா முப்பது மீட்டருக்கு ஒரு புள்ளிங்கிற கணக்குல வர்றது, அந்தப் புள்ளிங்களுக்கு நடுவுல இருக்குறத வழவழன்னு இழுத்து விட்டுடும். பத்து மீட்டர் செங்குத்துப் பாறை ஒண்ணு நடுவுல இருந்தா அது ஸ்கிரீன்ல மெதுவான சரிவா தான் தெரியும். சர்வே ஆஃப் இந்தியா டோப்போ ஷீட்டும் (மேடு பள்ளம் காட்டுற மேப்பு) அதே கதை தான், நம்ம பக்கம் 57 எல் ஷீட்ல வரும், ஐம்பதாயிரத்துக்கு ஒண்ணு அளவுல இருபது மீட்டருக்கு ஒரு கான்டூர் கோடு, அதாவது ஒரே ஒயரத்துல இருக்குற எடத்த சேத்து இழுத்த கோடு, ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு பதினஞ்சு மீட்டர் செவுரு ஒளிஞ்சிருந்தா மேப்புல அது இருக்காது. மேப்பு எதுக்கு ஆகும்னா, கரடோட பின்பக்கம் எப்படி, ஓடை எங்க போயி சேருது, காட்டு எல்லை எது, இதுக்கு ஆகும்.

இப்ப தக்காளிமண்டி தம்பிக்கு வர்றேன். ஒரு நாள் வழி இருக்கு, ஒரு நாள் இல்லன்னு சொன்னீங்கல்ல, அது உங்க கண்ணு கொழப்பம் இல்ல, வெயிலு. மேக்க பாத்த பாறையை சாயங்காலம் பாத்தா சூரியன் நேரா அது மூஞ்சில அடிக்குது, நெழலே விழாது, மேடு பள்ளம் எல்லாம் ஒண்ணா தட்டையா தெரியும். மேகம் இருக்குற அன்னிக்கு இன்னும் மோசம். வெயிலு பாறை மேல பக்கவாட்டுல உரசிக்கிட்டு விழுற நேரத்துல பாக்கணும், உங்க கரட்டுக்கு அது பதினொன்றரைல இருந்து பன்னெண்டரை வாக்குல வரும், மார்கழி தை மாசத்துல சூரியன் தெக்கால சாஞ்சு இருக்குறதால இன்னும் நல்லா வரும். அந்த நேரத்துல சின்ன விளிம்பு கூட கருப்புக் கோடா நெழல் விட்டு நிக்கும், வெடிப்பு எவ்வளவு ஆழம், திட்டு எங்க முடியுதுன்னு எல்லாம் தெரியும். ஒரு ஞாயித்துக்கிழமை மதியம் அங்க நின்னு மொபைல்ல ஜூம் பண்ணி துண்டு துண்டா போட்டோ எடுங்க. பைனாகுலர் கெடைச்சா அது தான் முதல் செலவு, ஷூ எல்லாம் அப்புறம்.

அடுத்தது எங்க நின்னு பாக்குறீங்கங்கிறது. நேரா எதுக்க நின்னு பாத்தா பாறை நெசத்த விட செங்குத்தா தெரியும். அடியில நின்னு அண்ணாந்து பாத்தா நேர் எதிர், உசரம் சுருங்கிப் போயி ஈஸியா தெரியும், நெறைய பேரு ஏறி மாட்டிக்கிறது இந்தக் கோணத்த நம்பித்தான். சரிவோட நெசமான சாய்வு தெரியணும்னா பக்கவாட்டுல போயி நிக்கணும், வடக்கால ஒரு எடம் தெக்கால ஒரு எடம், கரடோட விளிம்பு வானத்துல வெட்டுன கோடா தெரியும் பாருங்க, அங்க இருந்து மொபைல்ல ஆங்கிள் ஆப்ப வச்சே ஒரு அளவு எடுத்துடலாம். காஞ்ச கிரானைட் பாறையில நல்ல ரப்பர் அடி ஷூ போட்டா முப்பது முப்பத்தஞ்சு டிகிரி வரைக்கும் கை வைக்காமலே நடந்துடலாம். நாப்பது தாண்டுனா புடிக்க ஏதாவது இருந்தே ஆகணும், இல்லன்னா அது உங்க வேலை இல்லன்னு விட்ருங்க.

நம்ம பக்கம் பாறைக்கு ஒரு கொணம் இருக்கு. இது உருண்டு தெரண்டு வெங்காயத் தோலாட்டம் அடுக்கு அடுக்கா உரியுற பாறை, கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையில இருந்து கர்நாடகா பக்கம் ராமநகரா, சாவன்துர்கா வரைக்கும் இதே கதை தான். அதனால புடிமானத்துக்கு நீட்டிக்கிட்டு இருக்குற பலகைக் கல்ல பாத்தா சந்தோசப்படாதீங்க, முதல்ல உள்ளங்கையால தட்டுங்க. கிண்ணுனு சத்தம் வந்தா பாறையோட பாறையா இருக்கு. டொப்புன்னு பொள்ளலா கேட்டா அது எப்ப வேணா வரும், அத இழுக்கக் கூடாது, வேற வழியே இல்லன்னா கீழ்நோக்கி அமுக்கி மட்டும் பயன்படுத்தலாம். அப்புறம் பாறை மேல உதிர்ந்து கெடக்குற சரளை மணலு, அதுக்கு ஷூ எதுவும் வேலைக்கு ஆகாது, காலால தள்ளி விட்டுட்டு தான் அடுத்த அடி.

போர்வெல் கயிறு: வேணாம். திட்டுறதுக்காக சொல்லல. மோட்டார் தூக்குற கயிறு நீளாது, நீங்க ஒரு ரெண்டு மீட்டர் விழுந்து அது இழுத்துப் புடிச்சா அந்த அதிர்ச்சி முழுசா உங்க இடுப்புக்கும் அந்தப்பக்கம் புடிச்சிருக்குற ஃப்ரெண்டுக்கும் போகும். ஏறுறதுக்குன்னு இருக்குற கயிறு நீண்டு குடுக்கும், டைனமிக்னு சொல்லுவாங்க, யூஐஏஏன்னு சர்வதேச மலையேற்ற அமைப்போட முத்திரை இருக்கும். அதவிட முக்கியம், ஆங்கர் போடத் தெரியாம, அதாவது கயிற பாறையோட அசையாம கட்டத் தெரியாம, ரெண்டு பேரு ஒரே கயிறுல கட்டிக்கிட்டா ஒருத்தன் விழறதுக்கு பதிலா ரெண்டு பேரும் விழுவீங்க. கயிறு தேவைப்படுற எடம் வந்துச்சுன்னா அங்கேயே திரும்புங்க, அதுதான் உங்க எல்லை. ஹெல்மெட் மட்டும் கட்டாயம், பைக் ஹெல்மெட் கனமா இருக்கும், பரவால்ல, கல்லு விழுறப்ப ஒண்ணும் இல்லாததுக்கு அது மேல்.

சும்மா_ஒருத்தன்:

பின்னாடி பெருமாளே பாதை போட்டு குடுத்துட்டாரு, முன்னாடி போயி ஏன்யா உசுர விடணும்? 😅

சீரியஸா ஒண்ணு கேக்குறேன், அது ரிசர்வ் ஃபாரஸ்டா, பொறம்போக்கா, பட்டாவா, பாத்தீங்களா? 2018 மார்ச்ல தேனி குரங்கணி தீயில இருபது பேருக்கு மேல செத்துப் போன பிறகு ட்ரெக்கிங்குக்கு தனியா ரூல்ஸ் போட்டு இறுக்கிட்டாங்க. காப்புக்காடா இருந்தா அனுமதி இல்லாம கால் வச்சாலே கேஸு. ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் எல்லாம் காவேரி சரணாலயத்துல வருது, அங்க இந்த நெனப்பே வேணாம். முறையா மலை ஏறணும்னா ட்ரெக் தமிழ்நாடு சைட்ல நம்ம மாவட்டங்களுக்கு குத்திராயன், சாமி ஏரி, வத்தல்மலை எல்லாம் இருக்கு, வழிகாட்டியோட போலாம்.

இன்னொண்ணு, ஐப்பசி கார்த்திகையில ராகி வெளையுற நேரம் கர்நாடகா காட்டுல இருந்து ஆனைங்க தளி, ஓசூர், சானமாவு வரைக்கும் வந்துடும், ராயக்கோட்டை பக்கமும் கூட்டத்துல இருந்து பிரிஞ்சது வந்து நிக்கும். விடியக்காலம் அடிவாரத்துல டார்ச் அடிச்சுக்கிட்டு நடக்குற வேலை வேணாம்.

தக்காளிமண்டி:

கோட்டைமேடு அண்ணா, இவ்வளவு எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. கயிறு கேன்சல்.

சும்மா_ஒருத்தன் அண்ணா, விஏஓ கிட்ட கேட்டுட்டேன், கரடு பொறம்போக்கு, அடிவாரத்துல கொஞ்சம் பட்டா, அந்தப் பட்டா எங்க சித்தப்பாவோடது. ஃபாரஸ்ட் எல்லைக் கல்லு எல்லாம் அடுத்த மலைக்கு அப்புறம் தான் ஆரம்பிக்குது.

ஊத்தங்கரைக்காரி:

தம்பி, இதுவரைக்கும் யாரும் ஆடு மேய்க்கிறவங்க கிட்ட கேளுன்னு சொல்லல, ஆச்சரியமா இருக்கு. எங்க வீட்டுல தாத்தா காலத்துல இருந்து ஆடு. நீங்க பைனாகுலர் வச்சு மூணு வாரம் பாக்குறத அவரு வெத்தலை மென்னுக்கிட்டே ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாரு. உங்க பக்கம் மேய்க்கிறவங்கள்ல நெறைய பேரு வீட்டுல தெலுங்கோ கன்னடமோ பேசுறவங்க, தமிழ்லயே கேளுங்க புரியும், ஆனா "மேல போக வழி இருக்கா"ன்னு கேக்காதீங்க, இருக்குன்னு தான் சொல்லுவாங்க, அவங்களுக்கு அது வழி தான். "தொலைஞ்ச ஆட்ட தேடி எது வழியா போவீங்க, எது வழியா தூக்கிக்கிட்டு எறங்குவீங்க"ன்னு கேளுங்க. தோள்ல ஒரு குட்டிய போட்டுக்கிட்டு ஒத்தக் கையோட எறங்குற வழி எதுவோ அது தான் உங்களுக்கு.

பாறையில ஆட்டுப் புழுக்கை கெடந்தா வழின்னு நம்பாதீங்க, வெள்ளாடு செவுத்துல கூட நிக்கும். மாட்டுச்சாணி கெடந்தா நம்பலாம்.

அப்புறம் தேனீ. பெருந்தேனீ, மலைத்தேனீன்னு சொல்லுவோம், பாறை முன்னால நீட்டிக்கிட்டு இருக்குற எடத்துக்கு அடியில அரை வட்டமா கருப்பா தொங்கும், தூரத்துல இருந்து பாத்தா ஏதோ கறை படிஞ்சிருக்குன்னு நெனைப்பீங்க. பைனாகுலர்ல பாத்தா அந்தக் கறை மேல அலை அடிக்கிற கணக்கா நெளியும். அப்படி ஒண்ணு இருந்தா அதுக்கு கீழ, பக்கத்துல எந்த வழியும் கெடையாதுன்னு நெனைச்சுக்கோங்க. சமவெளியில தொரத்துனா ஓடலாம், பாறையில எங்க ஓடுவீங்க? கல்லு உருட்டாதீங்க, பீடி சிகரெட் பத்த வைக்காதீங்க, சென்ட் அடிச்சுக்கிட்டு போகாதீங்க. அடை காலியா இருந்தாலும் அடுத்த பூ சீசன்ல அதே எடத்துக்கு வந்து உக்காரும்.

கரடி உங்க பக்கம் கல்லு சந்துல பகல்ல படுத்திருக்கும். எலந்தப்பழ சீசன்ல சாயங்காலம் இன்னும் அதிகம். குகை கணக்கா இருட்டா சந்து தெரிஞ்சா எட்டிப் பாத்து போட்டோ எடுக்குற வேலை வேணாம், சத்தமா பேசிக்கிட்டே போங்க. புடிக்கிற எடத்துல கையை வைக்கிறதுக்கு முன்னாடி கண்ணு பாத்திருக்கணும், சுருட்டை விரியன் வெயிலுக்கு வெடிப்புக்குள்ள தான் சுருண்டு கெடக்கும். சதுரக்கள்ளிய புடிச்சு ஏறுனா பால் வழியும், அந்தக் கையால கண்ண தொடச்சா முடிஞ்சுது.

அரூர்_டு_மான்செஸ்டர்:

இந்த த்ரெட் படிச்சதும் தீர்த்தமலை ஞாபகம் வந்துடுச்சு. நான் இப்ப இங்கிலாந்துல இருக்கேன், வார விடுமுறையில வேல்ஸ் பக்கம் ஸ்க்ராம்ப்ளிங் போறேன். தம்பி சொன்ன புக்கு விஷயம் நெசம், இங்க 1, 2, 3ன்னு க்ரேடு போட்டு வச்சிருக்காங்க. 1ன்னா அங்கங்க கை வைக்கணும், தப்பிக்க வழி இருக்கும். 3ன்னா பாதி க்ளைம்பிங், கயிறோட தான் போவாங்க. ஆனா க்ரேடு 1 தானேன்னு ஏமாறக் கூடாது, ஸ்னோடன் மலைக்குப் போற க்ரிப் கோச்சுன்னு ஒரு கத்தி விளிம்பு இருக்கு, அதுவும் க்ரேடு 1 தான், புடிமானம் ஈஸி, ஆனா ரெண்டு பக்கமும் பாதாளம், காத்து அடிக்கிற அன்னிக்கு பெரிய பெரிய ஆளுங்க தவழ்ந்து போறத பாத்திருக்கேன். புடிக்கிறது எவ்வளவு கஷ்டம்ங்கிறது ஒரு கணக்கு, விழுந்தா என்ன ஆகும்ங்கிறது வேற கணக்கு, ரெண்டையும் தனித்தனியா போடணும். உங்க கரட்டுல ஒவ்வொரு துண்டுக்கும் இந்த ரெண்டு கேள்வியும் கேட்டு ஒரு பேப்பர்ல எழுதுங்க.

இங்க கத்துக் குடுக்குறவங்க முதல் நாளே சொல்றது: எறங்கத் தெரியாத எடத்துல ஏறாதே. ஏறுறப்ப கண்ணு கைக்குப் பக்கத்துல இருக்கு, எறங்குறப்ப கால் எங்க போகுதுன்னே தெரியாது. அதனால கஷ்டமான ஒரு நாலஞ்சு அடி தாண்டுனதும் அப்பவே திரும்பி எறங்கிப் பாருங்க, எறங்க முடிஞ்சா மறுபடி ஏறுங்க. மூணு புள்ளி எப்பவும் பாறையில இருக்கணும், ரெண்டு காலு ஒரு கை, இல்ல ரெண்டு கை ஒரு காலு, ஒரு நேரத்துல ஒண்ணு தான் நகரணும். முட்டி வைக்காதீங்க, முட்டியில இருந்து எழுந்திரிக்கிறது கஷ்டம்.

இங்க மழை, பாறை எப்பவும் ஈரம், அதான் பிரச்சனை. நம்ம ஊர்ல வெயிலு. மேக்க பாத்த பக்கம்னா காலைல நெழலு இருக்கும், அது ஒரு அதிர்ஷ்டம், காலைலயே முடிச்சிடுங்க. மதியத்துக்கு மேல அந்தப் பாறையில உள்ளங்கை வைக்க முடியாது.

தக்காளிமண்டி:

அண்ணனுங்க அக்கா சொன்னபடி எல்லாம் செஞ்சு பாத்தேன், ரிப்போர்ட் போடுறேன். பைனாகுலர் ஸ்கூல் வாத்தியார் ஒருத்தர் கிட்ட இருந்து வாங்கினேன், பறவை பாக்குறதுக்கு வச்சிருந்தாரு.

மதியம் பன்னெண்டு மணிக்கு பாத்தப்ப நெசமாவே வேற மலையா தெரிஞ்சுது! இவ்வளவு நாளா ஒரே செவுருன்னு நெனைச்சது மூணு பாகம். இடது பக்கம் ஒரு முதுகு கீழ இருந்து மேல வரைக்கும் நேரா போகுது, படிக்கட்டு வச்ச கணக்கா கல்லு கல்லா இருக்கு, மூணுல ரெண்டு பங்கு ஏறுனதும் தொப்பை தள்ளிக்கிட்டு வெளிய நிக்குது, அதுக்கு மேல மறுபடி நல்லா போகுது. நடுவுல ஓடை, அது தான் பாக்க ரொம்ப ஈஸி, புல்லும் புதருமா உச்சி வரைக்கும் போகுது, ஒரே ஒரு எடத்துல மட்டும் பெரிய உருண்டைக் கல்லு ஒண்ணு குறுக்க மாட்டிக்கிட்டு இருக்கு. வலது பக்கம் ஒரு சாய்வுத் திட்டு, ரோட்டுல இருந்து பாத்தா கோடா தான் தெரியும், ஒரு மாட்டு வண்டி அகலம் இருக்கும், கோணலா மேல போயி வெடிப்புல மொளைச்ச ஒரு இச்சி மரத்துகிட்ட முடியுது. அதுக்கு மேல வழவழன்னு பாறை, ஒண்ணும் இல்ல.

ஓடைக்கு மேல, உச்சிக்கு கொஞ்சம் கீழ, அக்கா சொன்ன அரை வட்டக் கறை. ரெண்டு. ஒண்ணு நெளியுது, ஒண்ணு நெளியல.

ஆடு மேய்க்கிற தாத்தாவையும் புடிச்சேன். ஓடை வழியா போவீங்களான்னு கேட்டதுக்கு சிரிச்சாரு. மரம் வரைக்கும் திட்டுல ஆடு போகுமாம், அவரும் போவாராம், மரத்துல இருந்து "இடது கைப் பக்கம்" ஒரு எடம் இருக்கு அது வழியா சின்ன வயசுல போயிருக்கேன்னாரு, ஆனா அந்த எடத்த கையால காட்டுறப்ப ஒவ்வொரு தடவையும் வேற வேற எடத்த காட்டுறாரு.

இப்ப எது வழியா போலாம்?

கோட்டைமேடு:

அருமை தம்பி, இதோட பாதி வேலை முடிஞ்சுது.

ஓடைய விட்ருங்க. தேனீ ஒண்ணே போதும். அது இல்லன்னாலும் விட்ருங்கன்னு தான் சொல்லியிருப்பேன், புதுசா ஏறுற எல்லாரும் ஓடைய தான் முதல்ல புடிப்பாங்க, ரெண்டு பக்கமும் செவுரு இருக்குறதால பயம் தெரியாது. ஆனா மேல எங்க ஒரு கல்லு நழுவுனாலும் அது வந்து சேருற எடம் அது தான், மேல ஆடு மேஞ்சாலே போதும். 1791ல மூணாவது மைசூர் போர்ல மேக்ஸ்வெல்னு ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி கிருஷ்ணகிரி கோட்டைய ராத்திரி நேரத்துல ஏணி வச்சு புடிக்கப் பாத்தாரு, கோட்டைக்கு கீழ இருந்த பேட்டை கைக்கு வந்துடுச்சு, மேல் கோட்டைய மட்டும் தொட முடியல, மேல இருந்த திப்புவோட ஆளுங்க கல்ல உருட்டி உருட்டியே ஏணியையும் ஆளையும் நசுக்கிட்டாங்க. பீரங்கி வேலைய கல்லு செஞ்சுது. அது நம்ம பாறை தான், இன்னிக்கும் அதே கனம் தான். அதுக்கு மேல அந்த மாட்டிக்கிட்டு இருக்குற உருண்டைக் கல்லு, தூரத்துல இருந்து சின்னதா தெரியும், கிட்ட போனா ஆளு ஒசரத்துக்கு ரெண்டு மடங்கு இருக்கும், அடியில பூந்து போகணும், அங்க தான் கரடி படுக்கும்.

இடது முதுகு பாக்க பயமா இருந்தாலும் பாறை சுத்தமா இருக்கும், மண்ணு நிக்காது, கல்லு விழுந்தா ரெண்டு பக்கமும் செதறிடும், வழி தப்புனா ரெண்டு பக்கமும் பாக்கலாம். பிரச்சனை அந்தத் தொப்பை மட்டும் தான். தொப்பைக்கு அடியில போயி நின்னுக்கிட்டு யோசிக்கிற நெலமைக்கு போகவே கூடாது, அங்க இருந்து எறங்குறது ஏறுறத விட மோசம்.

அதனால என் கணக்கு: வலது திட்டு புடிச்சு இச்சி மரம் வரைக்கும், அங்க இருந்து இடது பக்கமா குறுக்க, ஓடையோட மேல் தலையை தாண்டி, தொப்பைக்கு மேல முதுகுல போயி சேரணும். தாத்தா சொன்ன "இடது கைப் பக்கம்" இது தான்னு நெனைக்கிறேன். இதுல தெரியாத துண்டு ஒண்ணே ஒண்ணு, மரத்துக்கும் முதுகுக்கும் நடுவுல இருக்குற குறுக்கு. தேனீ அடை அதுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிறத பாத்துக்கோங்க, பக்கமா இருந்தா இந்த சீசனே வேணாம்.

அத கீழ இருந்து ஏறிப் போயி பாக்காதீங்க. கோயில் வழியா பின்பக்கமா உச்சிக்கு போங்க, முன்பக்கம் எட்டிப் பாத்து முதுகு வழியா எவ்வளவு தூரம் நடந்து எறங்க முடியுதோ அவ்வளவு தூரம் எறங்குங்க, முகத்த பாறைய பாத்து வச்சு எறங்கணும்னு ஆச்சுன்னா நின்னுடுங்க. அங்க இருந்து குறுக்கு நல்லா தெரியும், போட்டோ எடுங்க. அடையாளத்துக்கு சுண்ணாம்பு, பெயின்ட் எதுவும் அடிக்காதீங்க, மூணு கல்லு அடுக்கி வச்சா போதும், வர்றப்ப கலைச்சிடலாம். கிருஷ்ணகிரி கோட்டையிலயும் ராயக்கோட்டை கோட்டையிலயும் பேரு கிறுக்கி வச்சிருக்கானுங்க பாருங்க, தொல்லியல் துறை போர்டு மேலயே கிறுக்கியிருக்கான், பாத்தா வயிறு எரியுது.

ஒத்தையடி_ராஜா:

அண்ணா ட்ரோன் விட்டு பாத்தா என்ன? ஃப்ரெண்ட் கிட்ட இருக்கு.

ஊத்தங்கரைக்காரி:

தேனீ அடைக்கு முன்னாடி ட்ரோனா? நல்லா இருக்கும் போங்க. விட்டவன் கீழ நிப்பான், கோயிலுக்கு வந்த ஜனம் கடி வாங்கும்.

தக்காளிமண்டி:

மேல போயிட்டு வந்தேன் அண்ணா. ஃப்ரெண்டும் வந்தான். கோயில்ல இருந்து முன்பக்கம் எறங்குனா முதுகு நல்லா அகலமா இருக்கு, தொப்பை ஆரம்பிக்கிற எடத்துக்கு கொஞ்சம் மேல வரைக்கும் நின்ன வாக்குலயே எறங்கிட்டோம். அங்க இருந்து கீழ பாத்தா மரம் இடது பக்கம் தெரியுது (ரோட்டுல இருந்து பாத்தா அது வலது). குறுக்கு ரெண்டு துண்டா இருக்கு. முதுகுக்குப் பக்கத்துல இருக்குறது ஒரு அடி அகல விளிம்பு, மஞ்சப்புல்லு மொளைச்சிருக்கு, அதுல மாட்டுச்சாணி இல்ல அக்கா, புழுக்கை தான். 🙂 ஓடைத் தலைக்கு அந்தப்பக்கம், மரத்துக்கு மேல இருக்குறது வழவழ பாறை, பக்கவாட்டுல இருந்து மொபைல்ல அளந்தேன், முப்பத்திரெண்டு காட்டுது, ஒரு எடத்துல முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு இருக்குற எடம் ஒரு ஆளு நீளம் தான், ஆனா அதுக்கு நேர் மேல ஒரு கருப்பு பட்டை எறங்குது, தண்ணி வழிஞ்ச தடம்.

அடை அந்த விளிம்புல இருந்து நல்லா கீழ, ஓடைக்கு அந்தப்பக்க செவுத்துல. நேரா பாக்க முடியல, சத்தம் மட்டும் கேக்குது.

கோட்டைமேடு:

சத்தம் கேக்குற தூரம்னா இப்ப வேணாம். அது போன பிறகு பாத்துக்கலாம், அடை காலியானா தாத்தாவே சொல்லிடுவாரு.

கருப்பு பட்டை பாசி தான். காஞ்சிருந்தா ஒண்ணும் பண்ணாது, ஈரம் இருந்தா அதுல நிக்கவே முடியாது, மழை விட்டு பாறை காஞ்சாலும் மேல புல்லு வேருல நிக்கிற தண்ணி ரெண்டு மூணு நாளு அதே தடத்துல கசியும். அதனால ஐப்பசி கார்த்திகை மழை முழுசா முடிஞ்சு, தை மாசம் பாத்துக்கோங்க. அன்னிக்கு காலைல முதல்ல கோயில் வழியா ஒருத்தர் மேல போயி அந்தப் பட்டை காஞ்சிருக்கான்னு பாத்து போன் பண்ணட்டும், அப்புறம் நீங்க திட்டுல கால் வைங்க. மஞ்சப்புல்ல புடிக்காதீங்க, கொத்தோட வந்துடும், அதுக்கு அடியில இருக்குற பாறை விளிம்ப தேடிப் புடிங்க.

திட்டு வழியா மரம் வரைக்கும் போயி திரும்பி வர்றத மட்டும் இப்பவே செய்யலாம், அதுல பிரச்சனை இல்ல, எறங்குற வழியும் கால்ல பழகிடும். மரம் வரைக்கும் ஏறுறப்ப ஒவ்வொரு திருப்பத்துலயும் திரும்பிப் பாத்து கீழ்நோக்கி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, எறங்குறப்ப எல்லா கல்லும் வேற கல்லா தெரியும்.

தக்காளிமண்டி:

சரிண்ணா, தை மாசம் தான். மரம் வரைக்கும் வர்ற வாரம் போறோம். மேல நின்னு போன் பண்ண யாருன்னு பாத்தா கோயில் பூசாரி பையனே வர்றேங்குறான், ஜியோ சிக்னல் உச்சியில ரெண்டு புள்ளி வருது, மரத்துகிட்ட வருதான்னு போயி பாத்துட்டு சொல்றேன்.

அரூர்_டு_மான்செஸ்டர்:

சிக்னல் இல்லன்னா விசில் ஒண்ணு வாங்கிக்கோங்க, ஆளுக்கு ஒண்ணு. ஒரு தடவை ஊதுனா காஞ்சிருக்கு வா, மூணு தடவை ஊதுனா வராத, இப்படி முன்னாடியே பேசி வச்சுக்கோங்க. தண்ணி ஆளுக்கு மூணு லிட்டர், அதுல ஒண்ணு மரத்தடியிலயே விட்டுட்டு ஏறுங்க.